உடைந்த பொருளுக்கு உடையாத பெட்டி கேட்பது என்ன நியாயம்?

ஆன்லைனில் பொருள் வாங்காத உழவர் வீடு இன்று அபூர்வம். பேட்டரி தெளிப்பான், புல்வெட்டும் கருவி, சொட்டுநீர்க் குழாய்க்கான இணைப்புகள், நிழல்வலை, மின்னணுத் தராசு, பால்மானி, விதைப் பொட்டலம் என்று எல்லாமே கைபேசியில் தட்டினால் வீட்டு வாசலுக்கு வருகின்றன. டவுனுக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கும் பாடு மிச்சம். விலையும் சில நேரம் குறைவு. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, நானும் வாங்குகிறவன்தான்.

சிக்கல் எப்போது வருகிறது? வந்த பொருள் உடைந்திருக்கும்போது வருகிறது. உடைந்ததைத் திருப்பி அனுப்பலாம் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் வேறொன்று இருக்கும். பொருள் வந்த அதே பெட்டியில், அதே தெர்மாகோல், அதே உறை, விலைச்சீட்டு, கையேடு, உத்தரவாத அட்டை எல்லாவற்றோடும் திருப்பித் தர வேண்டும். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருந்தால்தான் புகாரையே ஏற்போம் என்கிறார்கள். கேட்டால், "அது எங்க பாலிசி சார்" என்று ஒரே பதில்.

வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு எதிரே வந்து உட்கார்ந்து கண் கலங்கியவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பெட்டி விவகாரத்தைச் சின்ன விஷயம் என்று என்னால் தள்ள முடியவில்லை. உழவர்களாகிய நாம் இதில் வாங்குகிறவர்கள் மட்டுமல்ல. அரிசியும் எண்ணெயும் தேனும் நாட்டுச் சர்க்கரையும் பார்சலில் அனுப்பும் விற்பனையாளர்களாகவும் ஆகிவிட்டோம். இரண்டு பக்கமும் நின்று பார்த்தால்தான் நியாயம் எது என்று தெரியும்.

ஒரு தெளிப்பானின் கதை

எங்கள் ஊரில் ஒரு சிறு உழவர், இரண்டு ஏக்கர்க்காரர், 16 லிட்டர் பேட்டரி தெளிப்பான் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தார். பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும் தெளிக்கத்தான். பெட்டி ஒரு மூலையில் நசுங்கி வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை தண்ணீர் ஊற்றி முதுகில் மாட்டியபோதுதான் தொட்டியின் அடியில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது தெரிந்தது. முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

ரிட்டர்ன் போட்டார். எடுத்துப்போக வந்த பையன் நல்ல பையன்தான். "அண்ணே, கம்பெனி பாக்ஸ் எங்கே?" என்றான். பெட்டி எங்கே இருக்கும்? தெர்மாகோலைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. அட்டையை ஆடு பாதி தின்றுவிட்டது, மீதி தென்னம்பாத்தியில் மூடாக்காகக் கிடக்கிறது. "பாக்ஸ் இல்லாம எடுத்தா எங்க ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க அண்ணே, என் சம்பளத்துல பிடிச்சுடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மளிகைக் கடையில் வேறு பெட்டி வாங்கிக் கட்டி வைத்தார். அடுத்த முறை வந்தவர் அதையும் ஏற்கவில்லை. இதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்று கைபேசியில் செய்தி வந்தது.

அந்தப் பையன் மேல் எனக்கு வருத்தமில்லை. மேலே ஒரு விதியை எழுதிவிட்டு, அதன் சுமையைக் கீழே இருக்கிற இரண்டு ஏழைகள் தலையில், டெலிவரி பையன் தலையிலும் உழவர் தலையிலும், ஏற்றிவிட்டு நிறுவனம் நிம்மதியாக இருக்கிறது. என் வருத்தம் அந்த விதியை எழுதியவர்கள் மேல்தான்.

மூன்று வகை ரிட்டர்ன், ஒரே விதியா?

நிறுவனங்களின் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். ஏமாற்றுகிற வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். புதுப் பொருளை எடுத்துக்கொண்டு பழைய பொருளைப் பெட்டியில் வைத்து அனுப்புகிறவர்கள் உண்டு. ஒரு வாரம் பயன்படுத்திவிட்டுப் பிடிக்கவில்லை என்று திருப்புகிறவர்கள் உண்டு. அதனால் சில கட்டுப்பாடுகள் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொருளின் வரிசை எண் சரியாக இருக்க வேண்டும் என்று கேட்கட்டும். கூட வந்த பேட்டரியும் சார்ஜரும் முனைகளும் முழுசாக வர வேண்டும் என்று கேட்கட்டும். இவையெல்லாம் நியாயம்தான்.

ஆனால் திருப்பி அனுப்புவதில் மூன்று வகை இருக்கிறது. முதல் வகை, வாங்கியவர் மனம் மாறியது. நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்று திருப்புகிறார். அந்தப் பொருளை விற்பவர் மறுபடியும் புதுசாக விற்க வேண்டும். அதற்கு அசல் பெட்டி தேவை. ஆகவே இந்த வகையில் பெட்டி கேட்பது சரி. இரண்டாவது வகை, கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. இதில் தவறு விற்றவருடையது. ஆனாலும் அந்தப் பொருள் நன்றாக இருப்பதால் இருக்கிற பெட்டியைத் திருப்பித் தருவதில் பெரிய சிரமம் இல்லை.

மூன்றாவது வகை, உடைந்தோ பழுதாகவோ வந்த பொருள். அதை யாரும் மறுபடி புதுசு என்று விற்கப்போவதில்லை, விற்கவும் கூடாது. பிறகு அசல் பெட்டி எதற்கு? அதிலும் பாருங்கள், அந்தப் பெட்டிதான் ஒரு பயணத்தையே தாங்காமல் பொருளை உடையவிட்ட பெட்டி. ஒரு தடவை தோற்றுப்போன பெட்டியையே இன்னொரு பயணத்துக்கும் கேட்கிறார்கள். உடைந்ததற்குக் காரணம் அவர்கள் கட்டிய கட்டு. நிரூபிக்க வேண்டிய கடமை மட்டும் நம்முடையது. இந்த மூன்று வகைக்கும் ஒரே விதியைப் போடுவதுதான் அநியாயத்தின் ஆணிவேர்.

நகரத்து அடுக்குமாடியில் இருப்பவர் கட்டிலுக்கு அடியில் பெட்டியைத் தள்ளி வைக்கலாம். ஓட்டு வீட்டிலும் தோட்டத்துச் சாலையிலும் அட்டைப்பெட்டி பத்து நாள் தங்குமா? கரையான், எலி, ஆடு, மழை என்று அதற்கு நாலு எதிரிகள். போதாக்குறைக்கு நம் பழக்கமே வேறு. அட்டை என்றால் நாடாவைக் கிழித்து எடுத்துவிட்டு, தண்ணீர் தெளித்து, மரத்தடியில் பரப்பி, மேலே சருகு போடுகிறவர்கள் நாம். களை அடங்கும், ஈரம் நிற்கும், சில மாதத்தில் மண்ணோடு மண்ணாகிவிடும். குப்பையைக் குப்பை என்று பார்க்காத உழவரைப் பார்த்து, "ஏன் பெட்டியை வைத்திருக்கவில்லை?" என்று கேட்கிறது நகரத்தில் எழுதிய ஒரு விதி.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். கிழித்து வைத்துக்கொண்டாலும் நல்லது.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 41-ஆவது பிரிவின்படி, பரிசோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை, முன்பு பார்க்காத பொருளை வாங்குபவர் ஏற்றுக்கொண்டதாக ஆகாது. 43-ஆவது பிரிவு இன்னும் தெளிவு. பொருளை மறுக்க உரிமையுள்ள ஒருவர் அதை மறுத்தால், வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில், அதைத் திருப்பி அனுப்ப வேண்டிய கட்டாயமே அவருக்குக் கிடையாது. "எனக்கு இது வேண்டாம்" என்று விற்றவருக்குத் தெரிவித்தால் போதும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்திலேயே இவ்வளவு பெருந்தன்மை இருந்திருக்கிறது.

"வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில்" என்ற அந்தச் சொற்களில்தான் நிறுவனங்கள் புகுந்துகொள்கின்றன. நாம் படிக்காமல் தட்டும் "ஏற்கிறேன்" என்ற பொத்தான்தான் அந்த வேறு உடன்பாடு. ஆனால் அங்கும் அவர்கள் நினைத்ததையெல்லாம் எழுதிவிட முடியாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நுகர்வோருக்குப் பாதகமான நியாயமற்ற கட்டணம், கடமை, நிபந்தனை விதிக்கிற ஒப்பந்தத்தை நியாயமற்ற ஒப்பந்தம் என்று வரையறுக்கிறது. மாநில நுகர்வோர் ஆணையத்தில் அதை எதிர்த்து முறையிடலாம். அதே சட்டம், பழுதான பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. ரசீதில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள்.

ஆன்லைன் வணிகத்துக்கென்றே 2020 ஜூலையில் மின்வணிக விதிகள் வந்தன. பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ, விற்பனையாளர் அதைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது, பணத்தைத் தரவும் மறுக்கக் கூடாது என்று அந்த விதிகள் சொல்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

"நாங்கள் விவசாயத்துக்கு வாங்கினோம், அது தொழில்தானே, நாங்கள் நுகர்வோர் ஆவோமா?" என்று சிலர் கேட்கிறார்கள். ஆவீர்கள். பிழைப்புக்காகச் சுயதொழிலில் பயன்படுத்த வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று சட்டமே விளக்கம் தருகிறது. சங்கத்தின் பெயரில் மறுவிற்பனைக்கு வாங்கினால் கதை வேறு, அதை நினைவில் வையுங்கள்.

விதை விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2012-இல், தேசிய விதைக் கழகம் தொடுத்த மேல்முறையீட்டில், உழவர்களும் நுகர்வோரே என்று தெளிவாகத் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் இன்னொரு கேள்வியும் வந்தது. விதை சரியில்லை என்றால் அதைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருக்க வேண்டாமா என்று வாதிட்டார்கள். உழவர் வாங்குகிற விதை முழுவதையும் விதைத்துவிடுவார். நாளைக்கு வழக்கு வரும் என்று ஒரு பகுதியை எடுத்து வைப்பார் என எதிர்பார்க்க முடியாது என்ற கருத்தை நீதிமன்றம் ஏற்றது. விதையையே எடுத்து வைக்க வேண்டும் என்று உழவரைக் கட்டாயப்படுத்த முடியாதபோது, வெறும் அட்டைப்பெட்டியை எடுத்து வைக்கவில்லை என்று உரிமையைப் பறிப்பது எந்த ஊர் நியாயம்? அந்தத் தீர்ப்பு பெட்டியைப் பற்றியது அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதிலுள்ள பொது அறிவு இதற்கும் பொருந்தும்.

நம் ஊர்த் தெளிப்பான்காரர் பிறகு என்ன செய்தார் என்று சொல்கிறேன். விரிசலின் படம், நசுங்கிய பெட்டியோடு முதல் நாள் அவர் மகள் விளையாட்டாக எடுத்த படம், ரசீது ஆகியவற்றை இணைத்து, மின்வணிக விதிகளைக் குறிப்பிட்டுக் குறைதீர் அலுவலருக்கு எழுதினார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் தமிழிலேயே பேசிப் பதிவு செய்தார். மூன்று வாரத்தில் பணம் வந்தது. தெளிப்பானை எடுத்துப்போக யாரும் வரவேயில்லை! பெட்டி உண்மையிலேயே அவ்வளவு முக்கியமாக இருந்தால் பொருளையே விட்டுவிட்டுப் போவார்களா? பலரைக் களைப்படையச் செய்து திருப்பி அனுப்புவதற்குத்தான் அந்த நிபந்தனை பயன்படுகிறது என்பது என் கருத்து.

அப்படியும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், நிறுவனம் இருக்கும் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

நம் கையில் இருப்பது

நியாயம் நம் பக்கம் என்பதற்காக எச்சரிக்கை இல்லாமல் இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. விதி மாறும்வரை கீழே உள்ளதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

பார்சல் வந்ததும் ரகசிய எண்ணைச் சொல்லும் முன் பெட்டியை ஒரு சுற்றுப் பாருங்கள். நசுங்கல், ஈரம், நாடா மறுபடி ஒட்டிய தடம் இருந்தால் வாங்காமலே திருப்பலாம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், டெலிவரிக்காரர் முன்னாலேயே பெட்டியின் ஆறு பக்கமும் முகவரிச் சீட்டும் தெரியும்படி படம் எடுங்கள். பிரிக்கும்போது வீட்டுப் பிள்ளைகளிடம் கைபேசியைக் கொடுத்தால் வீடியோ எடுத்துவிடுவார்கள். அதில் வரிசை எண் தெரியட்டும்.

திருப்பி அனுப்பும் கெடு எத்தனை நாள் என்று வாங்கும் முன்னரே பாருங்கள். அந்தக் கெடு முடியும்வரை பெட்டியைப் பரண் மேல் போட்டு வையுங்கள். ஆட்டுக்கு எட்டாத இடமாக இருக்கட்டும். கருவியை அந்தக் கெடுவுக்குள் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். "சித்திரையில் வாங்கிப் போட்டேன், ஆடியில்தான் எடுத்தேன்" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

பெட்ரோலில் ஓடும் கருவி என்றால் தனிக் கவனம் வேண்டும். எரிபொருள் ஊற்றும் முன்பே உடைப்பு, கசிவு, குறைந்த பாகம் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். எரிபொருள் ஊற்றிய இயந்திரத்தைப் பார்சலில் எடுக்க மாட்டார்கள். ஊற்றிவிட்டால் பெட்ரோலையும் ஆயிலையும் முழுவதும் வடித்து, துடைத்து, காயவிட்ட பிறகுதான் கட்ட வேண்டும். பேட்டரி உப்பியோ கசிந்தோ இருந்தால் அதைப் பெட்டியில் வைத்துக் கட்டவே வேண்டாம். நிலைமையைச் சொல்லி, எடுத்துப்போகும் பொறுப்பு அவர்களுடையது என்று எழுதிவிடுங்கள். உடைந்த கண்ணாடிப் பொருளும் அப்படித்தான். எடுத்துப்போகும் பையன் கையைக் கிழிக்கும்.

வேறு பெட்டியில் அனுப்ப நேர்ந்தால், பழைய முகவரிச் சீட்டையும் பட்டைக் குறியீட்டையும் கிழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பார்சல் வேறு ஊருக்குப் போய்ச் சேரும். நிறுவனத்தின் அச்சுப் பெட்டி கையில் இருந்தால் அதன் மேலேயே நாடா ஒட்டாமல், இன்னொரு பெட்டிக்குள் அதை வைத்துக் கட்டுங்கள். எடுத்துப்போனதற்கு ரசீதோ செய்தியோ வாங்காமல் பொருளைக் கையில் கொடுக்காதீர்கள்.

விதைப் பொட்டலம், உயிர் உரம் போன்றவற்றுக்கு மட்டும் நான் சொன்னதை மாற்றிச் சொல்கிறேன். அங்கே உறையை எக்காரணம் கொண்டும் தூக்கிப் போடக் கூடாது. தொகுப்பு எண், தயாரித்த தேதி, முளைப்புத் திறன், காலாவதி எல்லாம் அந்த உறையில்தான் இருக்கின்றன. ரசீதோடு சேர்த்துப் பின் அடித்து அறுவடை வரை வைத்திருங்கள். அங்கே உறைதான் சாட்சி.

பணம் திரும்ப வரும் நேரத்தில்தான் திருடனும் வருவான். வங்கிக்காரனாக இதைச் சொல்லாமல் விட முடியாது. கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் பொத்தாம்பொதுவாகத் தேடி எடுக்காதீர்கள். நீங்கள் வாங்கிய செயலிக்குள் இருக்கும் எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை. "ரீஃபண்ட் போடணும், இந்தக் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று எவன் சொன்னாலும் அவன் மோசடிக்காரன்தான். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

நாம் விற்கும்போது

இனி மறுபக்கம். நம் இயக்கத்து நண்பர்கள் பலர் நேரடி விற்பனையில் இறங்கியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் போட்டுப் பார்சல் அனுப்புகிறார்கள். பெருமையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல்களின் கீழே சிலர் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. "பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது." "வீடியோ இல்லையேல் பொறுப்பில்லை." பெரிய நிறுவனங்களின் பொடி எழுத்தை அப்படியே பெயர்த்து எழுதியிருக்கிறார்கள். ரசாயனத்தை விட்டோம், இடைத்தரகரை விட்டோம். அவர்களுடைய நிபந்தனையை மட்டும் எதற்கு எடுத்து வர வேண்டும்?

மின்வணிக விதியும் நுகர்வோர் சட்டமும் நமக்கும் உண்டு என்பது ஒருபுறம். கணக்குப் பார்த்தாலும் இது லாபமில்லை. ஒரு தேன் பாட்டில் 450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது உடைந்து போனதாக ஒருவர் படம் அனுப்புகிறார். உடைந்த கண்ணாடியைத் திருப்பி வாங்கி நாம் என்ன செய்யப்போகிறோம்? கூரியருக்கு இன்னொரு நூறு ரூபாய் தண்டம். படத்தைப் பார்த்து, வருத்தம் சொல்லி, வேறு பாட்டில் அனுப்பினால் அந்த வாடிக்கையாளர் பத்து வருடத்துக்கு நம்மிடம் வாங்குவார், நாலு பேருக்கும் சொல்வார். நூற்றுக்கு ஒருவர் பொய் சொல்லலாம். அந்த ஒருவருக்காகத் தொண்ணூற்றொன்பது பேரைத் திருடர்களைப் போல நடத்தினால் நம் வியாபாரம் எப்படி நிற்கும்? ஒரே ஆள் திரும்பத் திரும்ப உடைந்ததாகச் சொன்னால், அடுத்த முறை முன்பணம் வாங்காமல் "நேரில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா" என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

அதைவிட முக்கியம், உடையாமல் அனுப்புவது. மாம்பழத்தை வைக்கோல் வைத்துக் கூடையில் அடுக்கி லாரியில் ஏற்றிய ஊர்க்காரர்கள் நாம். பொருளைச் சுற்றி அசைவுக்கு இடம் தராமல் மெத்தென்று அடைக்க வேண்டும் என்ற பாடம் அதிலேயே இருக்கிறது. கண்ணாடிக் குப்பிக்கு மூன்று அடுக்கு அட்டை போதாது, ஐந்து அடுக்கு அட்டை வேண்டும். நாலு பக்கமும் இரண்டு அங்குலம் இடம் விட்டு, கிழித்த அட்டைச் சுருளோ கசக்கிய காகிதமோ நன்றாக உலர்ந்த வைக்கோலோ திணிக்க வேண்டும். ஈர வைக்கோல் பூசணம் பிடிக்கும். உணவுப் பொருளின் மூடியைத் தனியாக உறையிட்டால்தான் தூசு ஒட்டாது. அடியும் மேலும் நடுவில் ஒரு நாடா, விளிம்புகளில் இரண்டு நாடா ஒட்டினால் பெட்டி வாய் பிளக்காது. கட்டி முடித்துக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்டுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து ஒரு மாதிரிப் பார்சலைப் போட்டுப் பாருங்கள். கூரியர் கிடங்கில் அதைவிட மோசமாகத்தான் போடுவார்கள்.

ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. மஞ்சப்பை இயக்கமும் நடக்கிறது. இந்த நிலையில் இயற்கை விளைபொருளை முழம் முழமாகக் குமிழிப் பிளாஸ்டிக்கில் சுற்றி அனுப்பினால் வாங்குகிறவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்? நம் பெட்டி அவர் வீட்டு மாடித்தோட்டத்தில் மூடாக்காகும்படி இருக்கட்டும். அப்படி இருக்கையில் அந்தப் பெட்டியைப் பத்து நாள் கழித்து நாமே திருப்பிக் கேட்பது வேடிக்கையல்லவா?

என் யோசனை இது. நம் குழுக்கள் அனைத்தும் விலைப்பட்டியலின் கீழே, பொடி எழுத்தில் அல்ல, அதே அளவு எழுத்தில், இப்படி எழுதட்டும்: "பொருள் உடைந்தோ கெட்டோ வந்தால் இரண்டு நாளுக்குள் ஒரு படம் அனுப்புங்கள். பெட்டி வேண்டாம், பொருளும் திரும்ப வேண்டாம். வேறு பொருள் அல்லது பணம், நீங்கள் கேட்பதைத் தருவோம். கெடாத பொருளைத் திருப்புவதாக இருந்தால், பிரிக்காத உறையோடு, அனுப்பும் செலவு உங்களுடையது." நாலே வரி. படிக்கிறவருக்கும் புரியும், எழுதியவருக்கும் காப்பு.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

பெரிய நிறுவனங்களிடமும் அரசிடமும் நாம் கேட்க வேண்டியது அதிகமில்லை. மனம் மாறித் திருப்புவதையும் உடைந்து திருப்புவதையும் வேறு வேறாகப் பிரித்து விதி எழுத வேண்டும். உடைந்த பொருளுக்கு, பத்திரமாகக் கட்டிய எந்தப் பெட்டியையும் ஏற்க வேண்டும். முடியாது என்றால் எடுத்துப்போக வருபவரே பெட்டியோடு வர வேண்டும். டெலிவரி தரும் ஊருக்கெல்லாம் திரும்ப எடுக்கவும் வர வேண்டும். கொடுக்க மட்டும் கிராமத்துக்கு வந்துவிட்டு, திருப்பும்போது "உங்கள் ஊருக்குச் சேவை இல்லை, நீங்களே கூரியரில் அனுப்புங்கள்" என்பது கூடாது. நிபந்தனைகள் தமிழில், பணம் கட்டும் முன்பே கண்ணில் படும்படி இருக்க வேண்டும். வீடியோ ஒரு சான்றாக இருக்கலாம், ஒரே சான்றாக இருக்கக் கூடாது. சாதா போன் வைத்திருக்கும் பாட்டியும் நுகர்வோர்தான்.

மாதக் கூட்டங்களில் விதையும் உரமும் பேசி முடித்த பிறகு ஒரு பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாம். யார் யாருக்கு எந்தப் பொருளில் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி, ரசீது நகலும் படமும் சேர்த்துத் தொகுத்து, மாநில உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறைக்கு மனுவாக அனுப்பலாம். தனி ஒருவரின் இரண்டாயிரம் ரூபாயை யாரும் பொருட்படுத்துவதில்லை. நூறு பேருடைய கணக்கு ஒரே தாளில் போனால் அதைப் படிக்காமல் இருக்க முடியாது. வங்கியில் நான் கற்றுக்கொண்டவற்றில் உருப்படியானது இதுதான்: வாயால் சொன்ன புகார் அன்றோடு போய்விடும், தேதி போட்டு எழுதிக் கொடுத்தது கோப்பில் நிற்கும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் ரசீதையும் எடுத்து வாருங்கள்.